பிழை எண் ஏழு

ஞாயிற்றுக்கிழமை. பீச்சிலிருந்து ஒரே ஸ்டேஷன்,
பத்து ரூபாயில் இரண்டு பேர்.
இறங்கியதும் இளம்பரிதி செய்த முதல் வேலை
கைப்பேசியைத் தூக்கித் தூண்களுக்கு நேரே பிடித்தது.
திரையில் ஒரு தூண், எதிரில் ஒரு தூண்.
இரண்டும் பொருந்தும்வரை
பின்னால் பின்னால் நடந்தான்,
படுத்திருந்த நாய் எழுந்து முறைக்கும்வரை.

ராயபுரம் என்ற பலகை படத்தில் இருக்காது என்றான்.
தெரியும்.
இந்த ஸ்டேஷன் மதுரையாக நின்றிருக்கிறது,
கராச்சியாக நின்றிருக்கிறது,
ஒருமுறை வடக்கே ஏதோ பனி ஊராகவும்.
உப்பு மூட்டைகளைக் கொட்டிப் பனி என்றார்கள்.
ஒரு வாரம் காற்று கரித்தது;
எப்போதும் கரிக்கிற காற்றுதான்.
எல்லா ஊரும் ஆனது,
ராயபுரம் மட்டும் ஆகவில்லை.
ராயபுரம் வேண்டுமென்றால்
பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் செட் போடுவார்கள்:
நாலு சந்து, ஒரு கேரம் போர்டு,
கையில் அரிவாளோடு
எங்கள் தம்பிகள் மாதிரி யாரோ.

அவனிடம் பட்டியல் இருந்தது.
காசிமேட்டில் கதாநாயகன் வலைக்குள் விழுந்த இடம்,
மணிக்கூண்டு நாலே முக்கால் காட்டிய காட்சி,
பேசின் பிரிட்ஜில் ரயில்மேல் சண்டை.
ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டிக்.
அலுவலகத்தில் தணிக்கைப் பிரிவு அவனுக்கு,
பிழை பிடிப்பது கைப்பழக்கம்.
"இதப் பாருங்க தமயந்தி,
முப்பத்தெட்டாம் வருஷத்துக் கதை.
நீராவி வண்டி சரி, கதர் ஜிப்பா சரி, தகரப்பெட்டி சரி.
நாலாவது தூணுக்குப் பின்னால
பிளாஸ்டிக் குடம்!"

சிவப்பு வட்டம் போட்டு வைத்திருந்தான்.
பக்கத்தில், பிழை எண் ஏழு.
வட்டத்துக்குள் நீலமாய்
கொஞ்சம் தோள், கொஞ்சம் வாய் விளிம்பு.

எட்டாம் வகுப்பு எனக்கு.
அந்த வருடம் தெருக்குழாயில் காற்றுதான் வந்தது.
தண்டவாளம் தாண்டி
நடைமேடைக் குழாயில் பிடிப்போம்,
பதினோரு மணிக்குத் திறந்தால் உண்டு.
விடியும் முன்பே குடங்களை வரிசையில் வைத்துவிட்டு
மீன் ஏலத்துக்கோ பள்ளிக்கோ போய்விடுவோம்.
ஆளுக்குப் பதில் குடம் நிற்கும்.
சினிமாவில் டூப் என்பார்களே, அதேதான்.
அடுத்தவள் குடத்தைத் தள்ளி முந்தியவளோடு
ஆறு மாதம் யாரும் பேச மாட்டார்கள்.

ஷூட்டிங் அன்று கயிறு கட்டினார்கள்.
தொப்பி போட்ட ஒருவர்
நாற்பது குடத்தையும் ஒதுக்கச் சொன்னார்.
ஒதுக்கியவன் காலால் ஒதுக்கினான்.
கதாநாயகி பதின்மூன்று முறை அழுதாள்,
ஒவ்வொரு முறைக்கும் கிளிசரின்.
கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டோம்,
குழாய் திறந்து
பிடிக்க ஆளில்லாமல்
தண்ணீர் தரையில் கொட்டுகிற சத்தத்தை.
படத்தில் அந்தச் சத்தம் இல்லை.
அந்த இடத்தில் வயலின்.

"மொத்தமே நாலு செகண்ட்தான் இந்த ஷாட்.
யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க" என்றான்.
குழாய் இருந்த இடத்தைத் தேடினேன்.
சிமெண்ட் பூசி, அதன்மேல் சுண்ணாம்பு அடித்து,
அதன்மேல் யாரோ ஒருவனின் போன் நம்பர்.
வட்டம் போட்ட படத்தை வாங்கி
எர்ணாவூரில் நாலாவது மாடியில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பினேன்,
நம்ம குடம் சினிமாவுல வந்திருக்கு பார், என்று.

கும்மிடிப்பூண்டி வண்டி வந்து, நின்று, போனது.
பிறகுதான் குரல் வந்தது
குக்கர் விசிலுக்கு நடுவே:
"கண்ணு தெரியலியாடி உனக்கு?
அது நம்பள்து இல்ல, அற்புதமேரியோட்து.
நம்பள்து அதுக்குப் பின்னாடி."

இளம்பரிதி நாலாவது தூண்வரை நடந்து போய்
பின்னால் எட்டிப் பார்த்தான்.